தேய்மானக் கணக்கில் எழுந்த காற்றாலைகள்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் முப்பந்தல் வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். இங்கே காற்று அதிகம், அதனால் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அது பாதி உண்மை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று காலங்காலமாக வீசிக்கொண்டுதான் இருந்தது. தனியார் கோபுரங்கள் எழத் தொடங்கியதோ 1990களில். அவற்றை எழுப்பியது வருமான வரி விதிகளின் பின்னிணைப்பில் இருந்த ஒரு வரி: காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம்.

தூய்மையான மின்சாரத்துக்கு அரசு வரிச்சலுகை தரலாமா, கூடாதா என்ற விவாதம் உலகமெங்கும் நடக்கிறது. இந்தியாவில் அந்த விவாதத்துக்கு முப்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் நிற்கிறது. சலுகை கொடுத்தார்கள், எடுத்தார்கள், மீண்டும் கொடுத்தார்கள், பாதியாக வெட்டினார்கள். ஒவ்வொரு முறையும் என்ன ஆனது என்று பார்த்தால், இந்தச் சலுகை எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் கணக்கு. ஒரு நூற்பாலை 1 கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்கினால் அந்தச் செலவை அதே ஆண்டில் முழுக்க லாபத்திலிருந்து கழித்துவிட முடியாது. ஆண்டுதோறும் இவ்வளவு சதவீதம் தேய்ந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிக்கலாம். சாதாரண இயந்திரத்துக்கு இன்றைய விகிதம் 15. காற்றாலைக்கு மட்டும் மொத்தத்தையும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள் என்றது அரசு. 1990களின் நடுவில் கம்பெனி வரி, சர்சார்ஜ் சேர்த்து 46 சதவீதம். அதாவது நூல் விற்று லாபம் பார்க்கும் ஆலை 1 கோடிக்குக் காற்றாலை வாங்கினால், அந்த ஆண்டு கட்ட வேண்டிய வரியில் 46 லட்சம் குறையும். இதில் 70 லட்சத்தைக் கடனாக வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். அவர் கைக்காசு 30 லட்சம். வரியில் மிச்சமானது 46 லட்சம். இறக்கை ஒரு சுற்றுச் சுற்றும் முன்பே போட்டதற்கு மேல் எடுத்துவிட்டார். ஆடிட்டர்கள் காற்றாலை விற்பனையாளர்களைவிட நன்றாகக் காற்றாலை விற்றார்கள் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் கிண்டலாகப் பேசிக்கொண்டதில் மிகை குறைவு.

இதைக் கேட்டதும் 'ஊழல்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் வேறு வழி என்ன இருந்தது? 1986இல் தூத்துக்குடியில் அரசே முன்மாதிரிக் காற்றாலைகளை நிறுவிக் காட்டியது. தனியார் யாரும் அதைப் பார்த்துவிட்டு ஓடி வரவில்லை. வங்கிகளுக்கு இந்த இயந்திரம் புதிது. பத்து ஆண்டு நிற்குமா, மூன்று ஆண்டில் பல்சக்கரம் பொடியாகுமா என்று யாருக்கும் தெரியாது. 1991 நெருக்கடிக்குப் பிறகு மத்திய அரசின் கையில் ரொக்கமும் இல்லை. மானியம் கொடுக்க வேண்டுமானால் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும், விண்ணப்பம் வாங்க வேண்டும், அதிகாரி கையெழுத்திட வேண்டும். வரிச்சலுகைக்கு அது எதுவும் தேவையில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முடிந்தது. துணிந்து இறங்குகிறவரின் அபாயத்தில் பாதியை அரசு சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. முன்பின் தெரியாத தொழில்நுட்பத்துக்கு முதல் சந்தையை உண்டாக்க இந்த நாட்டில், அந்த நேரத்தில் இதைவிட எளிய கருவி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சந்தை இருந்ததால்தான் கோபுரம் வார்க்கிற பட்டறைகளும், இறக்கை ஏறிப் பழுது பார்க்கிற ஆட்களும், காற்றை அளந்து இடம் சொல்கிறவர்களும் இங்கே உருவானார்கள்.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், சலுகை எதற்குக் கொடுக்கப்பட்டது என்ற இடத்தில். மின்சாரத்துக்கு அல்ல, வாங்கிய இரும்புக்கு. ஓர் இயந்திரம் 25 லட்சம் யூனிட் தந்தாலும் 5 லட்சம் யூனிட் தந்தாலும் தேய்மானம் ஒன்றுதான். விலை கூடினால் தேய்மானமும் கூடும். இதே தவறை அமெரிக்கா பத்து ஆண்டு முன்னதாகச் செய்து பார்த்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் மத்திய அரசும் கலிஃபோர்னியா மாநிலமும் சேர்ந்து, முதலீட்டுத் தொகையில் ஏறக்குறைய பாதியை வரியில் கழித்துக்கொள்ள விட்டன. ஆல்டமான்ட் கணவாயில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் முளைத்தன. அவற்றில் கணிசமானவை முறையாகச் சோதிக்கப்படாதவை. 1985 இறுதியில் மத்தியச் சலுகை காலாவதியானதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அமெரிக்கர்கள் பாடம் கற்று, 1992இல் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.5 சென்ட் வரிக்கழிவு என்று மாற்றினார்கள். நாமோ அதே ஆண்டுகளில் அவர்கள் விட்டுவிட்டு வந்த முறையைப் பிடித்துக்கொண்டோம்.

விளைவு தெரிய அதிக நாள் ஆகவில்லை. 1995-96இல் நாட்டில் ஏறக்குறைய 380 மெகாவாட் காற்றாலை நிறுவப்பட்டது. 1996 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தார். கணக்கில் லாபம் காட்டிவிட்டு வரி ஏதும் கட்டாத கம்பெனிகள், புத்தக லாபத்தில் ஏறக்குறைய 12.9 சதவீதமாவது கட்ட வேண்டும் என்பது விதி. காற்றாலையைக் குறிவைத்த விதி அல்ல அது. ஆனால் தேய்மானத்தால் வரியைச் சுழியமாக்கிக்கொண்டவர்களை அது நேராகத் தாக்கியது. அடுத்த ஆண்டு நிறுவல் பாதிக்கும் கீழே இறங்கியது; 1997-98இல் 70 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. அந்த இரண்டு ஆண்டில் காற்று குறைந்துவிடவில்லை. மின்சாரத் தேவையும் குறையவில்லை. வாங்கியவர்கள் பலர் எதை வாங்கினார்கள் என்பது அப்போது வெளியே தெரிந்தது.

இன்னொரு சின்ன விதியும் கவனிக்கத்தக்கது. ஓர் இயந்திரம் நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டு தேய்மானம் பாதிதான். அதனால் காற்றாலைத் தொழிலில் இரண்டு அவசரங்கள் உண்டு. முழுத் தேய்மானம் வேண்டுமானால் செப்டம்பர் முடிவதற்குள் ஓட வைத்தாக வேண்டும். ஆண்டுக் கடைசியில்தான் லாபம் தெரிகிறது என்கிறவர்களுக்கு மார்ச் 31 கெடு. பாதித் தேய்மானமாவது கிடைக்கும். தமிழ்நாட்டுக் காற்று மே மாதம் தொடங்கி, ஆடியில் உச்சத்துக்குப் போய், செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். செப்டம்பர் கடைசியில் அவசர அவசரமாக ஓட வைத்த இயந்திரம் அந்த ஆண்டுச் சீசனை முழுக்கத் தவறவிட்டிருக்கும். வரி ஆண்டை மட்டும் பிடித்திருக்கும். வானிலை நாட்காட்டியும் வரி நாட்காட்டியும் மோதியபோது எது வென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சலுகையை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். இது வரியைத் தள்ளிப்போடுவதுதான், தள்ளுபடி இல்லை. முதல் ஆண்டில் முழுக்கக் கழித்துவிட்டதால் பிறகு வரும் ஆண்டுகளில் கழிக்க ஒன்றும் இருக்காது, அப்போது முழு வரி கட்டியே ஆக வேண்டும் என்பார்கள். பாடப்புத்தகப்படி சரி. நடைமுறையில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், அப்படி நடக்கவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏ பிரிவு மின் உற்பத்தி நிறுவனங்களுக்குப் பத்து ஆண்டு வரி விலக்குக் கொடுத்தது. அந்தப் பத்து ஆண்டை முதல் பதினைந்து ஆண்டுக்குள் எங்கே வைத்துக்கொள்வது என்பது உரிமையாளரின் விருப்பம். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் சில ஆண்டுகளில் காற்றாலையின் பெரிய தேய்மான நஷ்டத்தை நூல் லாபத்தில் கழித்துவிடலாம். நஷ்டம் தீர்ந்து காற்றாலை லாபம் காட்டத் தொடங்கும் ஆண்டில் 80-ஐஏ விலக்கைத் தொடங்கிவிடலாம்.

வரித்துறை இதை எதிர்த்தது. முன்பு நூல் லாபத்தில் கழித்த நஷ்டத்தைக் கற்பனையாகவாவது முன்னே இழுத்து வந்து காற்றாலை லாபத்தில் கழித்த பிறகே விலக்கு என்றது. வேலாயுதசுவாமி ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏற்கெனவே கழிக்கப்பட்டு முடிந்துபோன நஷ்டத்தை மீண்டும் உயிர்ப்பிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2016இல் நேரடி வரிகள் வாரியமும் சுற்றறிக்கை வெளியிட்டு, தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. சட்டப்படி தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் எழுதியவர்கள் விட்ட இடைவெளி அது. ஆனால் தள்ளிப்போட்ட வரி திரும்பி வரும் என்ற வாதத்தின் அடித்தளம் அதோடு போயிற்று. மாற்று வரி மட்டும் ஓரளவு குறுக்கே நின்றது.

சரி, இரும்புக்குப் பதில் யூனிட்டுக்குக் கொடுத்தால் அரசுக்கு எவ்வளவு செலவாகும்? இதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2009 டிசம்பரில் மத்திய அரசு உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகையைக் கொண்டுவந்தது. மின்தொகுப்புக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு; குறைந்தது நான்கு ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு; மெகாவாட்டுக்கு 62 லட்சம் வரை. 2013இல் அந்த உச்சவரம்பு 1 கோடி ஆனது. துரிதத் தேய்மானம் எனப்படும் பழைய சலுகை, இந்த ஊக்கத்தொகை இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

ஒரு மெகாவாட் காற்றாலை 6 கோடி ரூபாய், வரி 33 சதவீதம், பணத்தின் வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் தேய்மானம் (2000களில் 100 என்பது 80 ஆகியிருந்தது) தரும் வரிமிச்சத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1.76 கோடி. சாதாரண இயந்திரம்போல 15 சதவீதம் கொடுத்திருந்தால் 1.19 கோடி. ஆக, சலுகையின் உண்மையான மதிப்பு 57 லட்சம். இனி ஊக்கத்தொகை. அந்தக் காற்றாலை தன் திறனில் 22 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 19 லட்சம் யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். யூனிட்டுக்கு 50 காசு வீதம் ஆண்டுக்கு 9.6 லட்சம், பத்து ஆண்டுத் தொகையின் இன்றைய மதிப்பு 59 லட்சம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! இது என் கணக்கு. வட்டியை மாற்றினால் எண்கள் கொஞ்சம் நகரும். 80-ஐஏ விலக்கையும் சேர்த்தால் தேய்மானத்தின் பக்கம் இன்னும் கனமாகும். ஆனாலும் சாரம் மாறாது. ஏறக்குறைய அதே பணத்துக்கு அரசு மின்சாரத்தை வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு இயந்திரம் வாங்கிய ரசீதை வாங்கிக்கொண்டிருந்தது.

உச்சவரம்பு 62 லட்சமாக இருந்தபோது ஊக்கத்தொகையின் இன்றைய மதிப்பு 44 லட்சம்தான் தேறும். அதனால் வரி கட்ட லாபம் உள்ளவர்களில் பலர் தேய்மானத்திலேயே நின்றதில் வியப்பில்லை. போட்டிக்கு விட்ட இரண்டு திட்டங்களில் நல்ல திட்டத்தின் காலை அரசே கட்டிவைத்திருந்தது. ஊக்கத்தொகையும் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். அது பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி நின்றது. வரிச்சலுகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இங்கே நூற்பாலைக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. வரிக்காகக் காற்றாலை வாங்கியவன் அது சுற்றுகிறதா என்று பார்க்க மாட்டான் என்ற குற்றச்சாட்டு பொதுவாக வைக்கப்படும். தொலைவில் இருந்துகொண்டு, மின்வாரியத்துக்கு விற்க மட்டும் வாங்கிப்போட்ட முதலீட்டாளர்களுக்கு அது பொருந்தலாம். கோவை, திருப்பூர், ராஜபாளையம், திண்டுக்கல் ஆலைகளுக்கு முழுக்கப் பொருந்தாது. அவர்கள் தங்கள் காற்றாலை மின்சாரத்தை வாரியக் கம்பி வழியே கொண்டுவந்து தங்கள் ஆலையில் பயன்படுத்தினார்கள். சீசனில் மிஞ்சியதை வாரியத்திடம் பேங்கிங் முறையில் இருப்பு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு யூனிட்டும் உயரழுத்தக் கட்டணத்தில் ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தியது. 2008 தொடங்கி மின்வெட்டு ஆலைகளை வாட்டிய ஆண்டுகளில் அந்த யூனிட்டின் மதிப்பு கட்டணத்தைவிடவும் பெரியது. இறக்கை நின்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது. சலுகையின் வடிவத்தில் இருந்த கோளாறைத் தமிழ்நாட்டில் ஓரளவு சரிசெய்தது சொந்தப் பயன்பாடு. வரிச் சட்டத்துக்கு அதில் பங்கில்லை.

ஆனால் அதே இடத்தில் வேறொரு கேள்வி முளைக்கிறது. பலன் யாருக்குப் போனது? மின்தொகுப்புக்கு விற்பவருக்கு விலை நிர்ணயிக்கும்போது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் துரிதத் தேய்மானத்தின் பலனைக் கணக்கிட்டு விலையைக் குறைக்கும். அதாவது சலுகையின் ஒரு பகுதி நுகர்வோருக்குத் திரும்புகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்தவருக்கு அப்படி ஒரு கழிவு இல்லை, முழுவதும் அவருடையது.

பலன் அறவே கிடைக்காதவர்களும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி, 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மிச்சத்தை வாரியத்துக்கு விற்றது. நாடு முழுவதிலிருந்தும் பார்க்க வந்தார்கள்; பாராட்டினார்கள். அதே காற்றாலையை, அதே ஆண்டில், நல்ல லாபத்தில் ஓடும் ஒரு கம்பெனி வாங்கி முழுத் தேய்மானமும் பெற்றிருந்தால் முதல் ஆண்டில் மட்டும் 41 லட்சத்துக்கு மேல் வரி மிச்சமாகியிருக்கும். ஓடந்துறைக்குக் கிடைத்த வரிமிச்சம் சுழியம். ஊராட்சிக்கு வருமான வரியே இல்லையே! வரி கட்டுகிறவனுக்கு மட்டும் சலுகை என்றால், ஊராட்சியும் கூட்டுறவுச் சங்கமும் சிறு விவசாயியும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். லாபம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய உதவி என்பது எந்த நியாயத்தில் சேரும்?

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 2022இல் அமெரிக்கா நிறைவேற்றிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், வரி கட்டாத உள்ளாட்சிகளுக்கும் அறநிறுவனங்களுக்கும் வரிக்கழிவை ரொக்கமாகவே தர வழி செய்தது. 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் காற்றுக்கும் சூரியனுக்கும் அந்தக் கதவை விரைவாகச் சாத்தத் தொடங்கிவிட்டது என்பது வேறு கதை. யோசனை கெட்டுப்போகவில்லை, அரசியல்தான் மாறியது.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். 2012 மார்ச் 31உடன் காற்றாலைக்கான 80 சதவீதத் தேய்மானமும் உற்பத்தி ஊக்கத்தொகையும் ஒன்றாக முடிந்தன. நாட்டில் அந்த நிதியாண்டில் 3,200 மெகாவாட் அளவுக்கு நிறுவப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு 1,700. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது, இருநூறுக்கும் கீழே வந்தது. சலுகை போனது, தொழில் செத்தது என்று சங்கங்கள் மனுக் கொடுத்தன. 2013இல் ஊக்கத்தொகை திரும்பியது. 2014 ஜூலை பட்ஜெட்டையொட்டி அருண் ஜெட்லி 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாட்டில் நிறுவல் மெல்ல ஏறி, 2016-17இல் 5,500 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது.

தமிழ்நாடு ஏறவில்லை. 2014 முதல் 2017 வரை மூன்று நிதியாண்டுகளிலும் இங்கே ஆண்டுக்கு 300 மெகாவாட்டைத் தாண்டவில்லை. அதே 80 சதவீதம், அதே ஊக்கத்தொகை, நாட்டின் மிகச் சிறந்த காற்று. பிறகு ஏன்? பதில் வருமான வரி அலுவலகத்தில் இல்லை, மின்கம்பத்தில் இருக்கிறது. சீசன் உச்சத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை எடுத்துச் செல்லப் போதிய உயரழுத்தப் பாதை இல்லை. அதனால் நன்றாகக் காற்றடிக்கும் வேளையில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். விற்ற மின்சாரத்துக்கு வாரியம் தர வேண்டிய பணம் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கு மேலும் நிலுவையில் நின்றது. தயங்கி நின்ற முதலீட்டாளரைத் தேய்மானம் இழுத்துவரும். கம்பி இல்லாத ஊருக்கு அது எதையும் இழுத்துவராது. இந்த முப்பது ஆண்டுச் சான்றில் இதுவே கனமான பக்கம் என்று நினைக்கிறேன். ஒரே சலுகை குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வேலை செய்து, தமிழ்நாட்டில் செய்யவில்லை என்றால், தடை சலுகையில் இருந்திருக்க முடியாது.

அடுத்து 2017. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் 80 என்பது 40 ஆனது. அன்று தொடங்கிய நிதியாண்டில் நாட்டின் நிறுவல் 2,000 மெகாவாட்டுக்கும் கீழே விழுந்தது. மறுபடியும் தேய்மானத்தைக் காட்டினார்கள். முன்பு போட்ட அதே முறையில் கணக்குப் போட்டால், 80இலிருந்து 40க்கு இறங்கியதால் முதலீட்டாளருக்கு ஏற்பட்ட இழப்பு இயந்திர விலையில் 3 சதவீதம் அளவுதான். மூன்று சதவீதத்துக்காக ஒரு தொழில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்காது. அதே மார்ச் 31இல் ஊக்கத்தொகையும் முடிந்தது. புதிய மின் நிலையங்களுக்கான 80-ஐஏ விலக்கும் முடிந்தது. இவற்றைவிடப் பெரியது, நிர்ணய விலை போய் ஏலம் வந்தது. தமிழ்நாட்டில் 2016இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 4.16 ரூபாய். 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் விலை 3.46, அக்டோபரில் 2.64; டிசம்பரில் குஜராத்தில் 2.43. மாநில மின்வாரியங்கள் பழைய விலையில் கையெழுத்திட மறுத்தன. விழுந்ததற்குக் காரணம் ஏலத்துக்கு மாறிய விதம். தேய்மானம் அருகில் நின்றிருந்ததால் பழி அதன்மேலும் விழுந்தது.

இன்று அந்த 40 சதவீதத்துக்கு இருக்கும் மதிப்பு இன்னும் சின்னது. 2019இல் வந்த 22 சதவீத வரித் திட்டத்தில் சேர்ந்த கம்பெனிக்கு, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து வரி 25.17 சதவீதம். 40க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் கோடிக்கு ஏறக்குறைய 5 லட்சம். 2010இல் அது ஒன்பது லட்சத்துக்கு மேல். சலுகை விகிதம் பாதியானதில் ஒரு பகுதி போனது; வரி விகிதம் குறைந்ததில் இன்னொரு பகுதி சத்தமில்லாமல் கரைந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2021 அக்டோபரில் காற்றாலை, சூரியத் தகடு போன்றவற்றின் ஜிஎஸ்டி 5இலிருந்து 12 ஆக உயர்ந்து, 2025 செப்டம்பரில்தான் மீண்டும் 5 ஆனது. நேரடி வரியில் ஐந்து கொடுத்து, மறைமுக வரியில் ஏழு எடுத்த நான்கு ஆண்டுகள் அவை. இதைத் திட்டமிட்டு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரண்டு பிரிவுகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே நிஜம்.

மொத்தத்தில் இந்தச் சலுகைக்கு நாடு எவ்வளவு கொடுத்தது? பட்ஜெட்டோடு வெளியாகும் வரி இழப்பு அறிக்கையில் துரிதத் தேய்மானம் என்று எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒற்றை வரி வருகிறது. காற்றாலைக்கு இவ்வளவு, சூரிய மின்சாரத்துக்கு இவ்வளவு என்ற பிரிப்பு அதில் கிடையாது. முப்பது ஆண்டு நடந்த ஒரு திட்டத்தின் செலவைத் திட்டம் நடத்தியவர்களே தனியாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. யூனிட்டுக்கு 50 காசு கொடுத்த திட்டத்தின் கணக்கு பட்ஜெட்டில் வந்தது, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது. தேய்மானத்தின் செலவைப் பற்றி அப்படிக் கேட்பது கடினம். கேட்க எண் இல்லை. நிதியமைச்சகத்துக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஐயப்படுகிறேன்.

தீர்ப்பு சொல்ல வேண்டுமானால் காலத்தைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். 1990களில் 100 சதவீதத் தேய்மானம் முரட்டுக் கருவி, விரயம் இருந்தது, ஆனாலும் சரியான முடிவு. அது இல்லாவிட்டால் இன்று நாட்டில் 50,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கும் காற்றாலைத் தொழில் எங்கோ பின்னால் நின்றிருக்கும். 2009இல் யூனிட்டுக்குப் பணம் என்ற மாற்று கையில் வந்த பிறகும் 80 சதவீதத்தை இணையாக ஓடவிட்டது தவறு. 2012இல் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, பிறகு தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தது அதைவிடப் பெரிய தவறு. எந்த விகிதத்தையும் தொழில் தாங்கிக்கொள்ளும். அடுத்த மார்ச்சில் என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்கிக்கொள்ளாது. இன்றைய 40 சதவீதம் பெரிய கெடுதலும் இல்லை, பெரிய பயனும் இல்லை. புதிய காற்றாலை சலுகை இல்லாமலேயே விலையில் நிலக்கரியோடு மோதும் நிலைக்கு வந்துவிட்டது.

பணம் தேவைப்படும் இடம் வேறு. முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் பகுதிகளில் நாட்டின் முதல் தரமான காற்று வீசும் நிலத்தில் 1990களின் 225, 250, 500 கிலோவாட் இயந்திரங்கள் குட்டைக் கோபுரங்களில் இன்னும் நிற்கின்றன. அதே நிலத்தில் இன்றைய உயர்ந்த கோபுரமும் நீண்ட இறக்கையும் பல மடங்கு மின்சாரம் தரும். மத்திய அரசு 2016இலும் 2023இலும், தமிழ்நாடு அரசு 2024இலும் இதற்கென்று கொள்கை வெளியிட்டன. வேலை நகரவில்லை. நிலம் துண்டு துண்டாகப் பல பேரிடம் இருக்கிறது. ஒரு புதிய இயந்திரத்துக்கு நாலைந்து உரிமையாளர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரத்தோடு வந்த பேங்கிங் உரிமை புதியதற்குக் கிடைக்குமா என்ற பயம் வேறு. அந்தத் துண்டு நிலங்களும் தேய்மானம் விட்டுப்போன சொத்துதான். ஆளுக்கொரு இயந்திரம் வாங்கி வரியைக் கழித்துக்கொள்ளச் சொன்ன சட்டம், ஆளுக்கொரு துண்டையும் கொடுத்துவிட்டது.

ஆகவே நிதியமைச்சகத்திடம் கேட்க வேண்டியவை இவை. புதிய நிலத்தில் வைக்கும் காற்றாலைக்கான துரிதத் தேய்மானத்தை, நாளை காலையில் அல்ல, தேதி குறித்து முன்கூட்டியே அறிவித்துப் படிப்படியாக விலக்குங்கள். அந்தப் பணத்தைப் பழைய காற்றாலையை எடுத்துவிட்டுப் புதியது வைப்பவருக்கு, முன்பு தந்ததைவிடக் கூடுதலாகத் தந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் கொடுங்கள். வரி கட்டுகிற ஆலைக்கும் வரி கட்டாத ஊராட்சிக்கும் அது ஒரே அளவில் போய்ச் சேரட்டும். பத்து ஆண்டுக்கான இறங்குமுக அட்டவணையை முதல் நாளிலேயே அச்சிட்டு, நடுவில் தொடாமல் விடுங்கள். இதுவரை கொடுத்த தேய்மானச் சலுகையின் மதிப்பைத் துறைவாரியாகப் பிரித்து அடுத்த பட்ஜெட் ஆவணத்திலாவது வெளியிடுங்கள். மாநில அரசு தன் பங்குக்கு, புதிய கோபுரத்துக்கு அனுமதி தரும் முன் அதன் மின்சாரத்தை எடுத்துச் செல்லும் பாதைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அது நடக்காதவரை டெல்லி எந்த விகிதத்தை அறிவித்தாலும் தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு யூனிட்டும் வராது.